உலோகச் சிற்பி வீட்டில் ஒரு நாள்: பாதி நாள் உலோகத்தைத் தொடுவதே இல்லை

மெழுகுக்கை · ஞாயிறு இரவு 9.40

போன வாரம் வேறொரு இழையில் ஒருவர் கேட்டிருந்தார், உலோகச் சிற்பி என்றால் காலை முதல் இரவு வரை என்னதான் செய்வீர்கள், எந்நேரமும் உலை எரிந்துகொண்டே இருக்குமா என்று. இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு வந்தேன், ஆனால் மனசு ஆறவில்லை. அதனால் நேற்று சனிக்கிழமை எங்கள் வீட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஊர் சுவாமிமலை. பட்டறை என்று தனியாக எதுவும் கிடையாது, கொல்லையில் தகரம் போட்ட ஒரு சாய்ப்பு, அதுதான்.

எழுந்தது நாலரைக்கு. எங்கள் முறையில் சிலையை முதலில் மெழுகில் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவோம். மெழுகு வேலை செய்கிறவன் விடியுமுன் உட்கார்ந்தாக வேண்டும். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினால் மெழுகு தொய்ந்துவிடும், விரல் வைத்த இடமெல்லாம் பள்ளம் விழும். இப்போது கையில் இருப்பது ஒன்றரை அடி உயரத்தில் ஒரு சிவகாமி அம்மன், ஒரு குடும்பத்தார் அவர்களுடைய கோயிலுக்காகக் கேட்டது. வலது கை பூப் பிடிக்கிற கடக முத்திரை, இடது கை சும்மா தொங்குகிற கை. இந்தத் தொங்குகிற கைதான் நேற்று முழுக்க என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது. பசுவின் வால் எப்படித் தொங்கும், அப்படித் தொங்க வேண்டும் என்று சொல்வார்கள். சொல்வது எளிது. மெழுகில் கையைச் செய்து தோளோடு ஒட்டினால் அது தொங்குவதில்லை, மாட்டி வைத்த மாதிரி நிற்கிறது. முழங்கைக்குக் கீழே கொஞ்சம் உள்வாங்கி, மணிக்கட்டில் ஒரு தளர்ச்சி வந்து, விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழ வேண்டும். காலை ஐந்திலிருந்து எட்டு வரை அந்த ஒரு கையை மூன்று தடவை வெட்டி எடுத்து மறுபடி வைத்தேன்.

அளவுக்கு எங்களிடம் ஸ்கேல் கிடையாது, தென்னை ஓலைதான். சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, மடித்து மடித்துக் கணக்கு எடுப்போம், ஒடியோலை என்று பெயர். அம்மனுக்கு மத்திம தச தாலம் என்ற அளவுமுறை, உச்சி முதல் பாதம் வரை 120 அங்குலம். இந்த அங்குலம் கடையில் விற்கிற டேப்பில் உள்ள அங்குலம் இல்லை, சிலையின் உயரத்தில் 120-ல் ஒரு பங்கு. ஒன்றரை அடிச் சிலையில் ஒரு அங்குலம் என்பது நாலு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவுதான். அதையும் எட்டாகப் பிரித்தால் ஒரு யவை. அரை மில்லிமீட்டர்கூட வராது, ஆனால் கண்ணுக்குத் தெரியும். அப்பாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, இப்போது உளி பிடிப்பதில்லை, திண்ணையிலிருந்து வந்து பின்னால் நின்று பார்த்துவிட்டு "சுண்டு விரல் தடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் அவர் நேற்று பேசியது. தடி இல்லை, ஓலைக் கணக்குப்படி சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் போன பிறகு பார்த்தால் தடியாகத்தான் தெரிந்தது. ஒரு யவை இழைத்தெடுத்தேன்.

எட்டரைக்கு இட்லி. அப்புறம் மண் வேலை. ஒரு பிள்ளையாருக்கு முதல் பூச்சு காய்ந்திருந்தது, இரண்டாவது பூச்சு போட்டேன். மதியம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் படுத்தேன், வெயிலில் மெழுகைத் தொட முடியாது என்பதால் இது சோம்பல் கணக்கில் வராது. மூன்று மணிக்கு மேல்தான் உலோகம். போன மாதம் வார்த்த ஒரு சோமாஸ்கந்தருக்கு அரம் போட்டு, சின்ன உளியால் ஆபரணத்தின் ஓரங்களை எடுத்தேன், ஒன்றரை மணி நேரம். உலோகச் சிற்பி உலோகத்தைத் தொட்டது நேற்று அவ்வளவு நேரம்தான்.

சாயந்திரம் மகள் உட்கார்ந்து பலகையில் மெழுகு நூல் உருட்டிக் கொடுத்தாள், பூணூலுக்கும் மேகலைக்கும். அவள் உருட்டினால் தலை முதல் கடைசி வரை ஒரே கனமாக வரும், எனக்கு அப்படி வராது. இரவு எட்டுக்குச் சிலையைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிட்டு வந்து இதை எழுதத் தொடங்கினேன், தூக்கம் வந்து நிறுத்தி, இன்றைக்கு முடிக்கிறேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

வயலோரம் · ஞாயிறு இரவு 10.15

அருமை அண்ணே. மெழுகு என்றால் மெழுகுவத்தி மெழுகா? தண்ணீரில் எதற்கு வைக்கிறீர்கள்?

மெழுகுக்கை · திங்கள் காலை 5.05

தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய், மூன்றையும் காய்ச்சி வடிகட்டிய கலவை தம்பி. தேன்மெழுகு மட்டும் என்றால் ரொம்ப இளகும். குங்கிலியம் விறைப்புக் கொடுக்கும், அதிகமானால் நொறுங்கும். எண்ணெய் அந்த நொறுங்கலைத் தடுக்கும். சித்திரை வைகாசியில் குங்கிலியத்தைக் கூட்டுவோம், மார்கழியில் எண்ணெயைக் கூட்டுவோம். இப்போது நிறையப் பேர் பாரபின் சேர்க்கிறார்கள், விலை குறைவு, நானும் பீடத்துக்குச் சேர்ப்பதுண்டு. முகத்துக்கும் கைக்கும் சேர்ப்பதில்லை. தண்ணீரில் வைப்பது இறுகி நிற்பதற்காக, அவ்வளவுதான்.

கேள்விக்குறி · திங்கள் காலை 11.20

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உயரம் 120 என்று சாத்திரம் சொல்லிவிட்டது, கை இப்படி என்று சொல்லிவிட்டது, எந்தக் காலில் ஊன்ற வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. அப்படியானால் நீங்கள் செய்வது படைப்பா, இல்லை மிக நேர்த்தியான நகல் எடுப்பா? நான் ஓவியம் வரைகிறவன். வெள்ளைத் தாளுக்கு முன்னால் உட்காரும்போது என்னிடம் ஒன்றுமே இருக்காது. அந்தப் பயம் உங்களுக்கு உண்டா? இதே வேலையைத் திறமையான ஒரு இயந்திரம் அளவுப்படி செய்துவிட்டால் என்ன வித்தியாசம் இருக்கும்?

உமிக்கரி · திங்கள் மதியம் 1.30

அண்ணே, நீங்கள் "மண் வேலை" என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள், அதை நான் எழுதுகிறேன். நானும் வார்ப்பு வீட்டில் பிறந்தவள்தான், இப்போது திருச்சியில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் மண் அம்மாவின் பொறுப்பு. யாரும் அவளைச் சிற்பி என்று சொன்னதில்லை, அவளும் சொல்லிக்கொண்டதில்லை.

காவிரி வண்டலை எடுத்து வந்து காயவைத்து, தட்டி, சல்லடையில் ஒரு தரம், அப்புறம் வேட்டித் துணியில் ஒரு தரம் சலிப்பாள். உமியைக் கருக்கி அம்மியில் அரைப்பாள், கண்மை மாதிரி வரும்வரை. இரண்டையும் சேர்த்துப் பிசைந்து விரல் நுனியால் சிலையின் மேல் முதல் பூச்சு. இந்தப் பூச்சுதான் முக்கியம். மெழுகில் நீங்கள் கீறிய நகத்தளவு கோட்டை உலோகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த மண்தான். ஒரு காற்றுக் குமிழ் மாட்டிக்கொண்டால் அந்த இடத்தில் உலோகத்தில் ஒரு மரு முளைக்கும். அதனால் அம்மா கண், மூக்கு, உதடு இருக்கும் இடத்தில் ஊதி ஊதித் தடவுவாள். நிழலில்தான் காயும். வெயிலில் வைத்தால் உள்ளே மெழுகு இளகி மண் விரிந்துவிடும். இரண்டாவது பூச்சுக்கு வண்டலோடு மணல். மூன்றாவது கரடு மண், பெரிய சிலையாக இருந்தால் இரும்புக் கம்பி வைத்துக் கட்டுவார்கள்.

காய்ந்ததா இல்லையா என்று அவள் பார்க்கும் விதம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கன்னத்தை வைப்பாள். கை பொய் சொல்லும், கன்னம் சொல்லாது என்பாள். ஈரம் இருக்கிற அச்சில் உருகிய உலோகத்தை ஊற்றினால் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி உலோகத்தை மேலே எறிந்துவிடும், அப்பாவின் முழங்காலில் அந்தத் தழும்பு உண்டு. அதனால் அம்மா "இன்றைக்கு வேண்டாம்" என்று சொன்னால் வார்ப்பு கிடையாது. ஆள் வந்திருந்தாலும், கரி வாங்கி வைத்திருந்தாலும், நல்ல நேரம் குறித்திருந்தாலும் கிடையாது.

கேள்விக்குறி சார், நீங்கள் கேட்டதற்கு இது பதில் இல்லை. ஆனால் ஒரு நாளில் எத்தனை முடிவுகள் எடுக்கப்படுகின்றன, அதை யார் எடுக்கிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெழுகுக்கை · திங்கள் மதியம் 2.10

உமிக்கரி, நீ எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, போனை வாங்கித் தானே ஒரு தரம் படித்தாள். நான் எழுதியிருக்க வேண்டும். நேற்று முந்தின நாள் அந்தப் பிள்ளையாருக்கு மண் சலித்துப் பிசைந்து வைத்தது அவள்தான்.

செம்புத்தகடு · திங்கள் இரவு 8.45

என் நாளையும் சொல்கிறேன், அது வேறு மாதிரி. நான் சென்னையில் மொட்டைமாடியில் வேலை செய்கிறவன். வார்ப்பு இல்லை, செம்புத் தகட்டைத் தட்டி உருவம் எடுப்பது, கொஞ்சம் வெல்டிங். இளவயதில் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்குப் போனதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று, ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து நிலம் வாங்கி, அங்கேயே வீடு கட்டி, வீட்டிலேயே வேலை செய்த இடம் அது. அங்கே பி.வி. ஜானகிராம் தகட்டைத் தட்டிச் செய்தவற்றையும் எஸ். நந்தகோபால் செம்பும் பித்தளையும் பற்றவைத்துச் செய்தவற்றையும் பார்த்தபோதுதான், சாமி சிலை செய்கிற குடும்பத்தில் பிறக்காதவனும் உலோகத்தைத் தொடலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது.

தகடு வேலையில் மெழுகுக்கை சொல்கிற காத்திருப்பு கிடையாது, வேறு ஒன்று இருக்கிறது. செம்பைத் தட்டத் தட்ட அது இறுகும். இறுகிய பிறகும் தட்டினால் கிழியும். அதனால் ஐந்து நிமிடம் தட்டுவது, பிறகு தீயில் காட்டிச் சிவக்கவைத்துத் தண்ணீரில் போடுவது, மறுபடி துணி மாதிரி இளகிவிடும், மறுபடி தட்டுவது. எஃகைச் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் விறைக்கும், செம்பு அதற்கு நேர்மாறு, முதலில் தெரிந்துகொண்டபோது நம்பவே முடியவில்லை. ஒரு கன்னத்தைத் தூக்கி எடுக்க இருபது முறை சுட வேண்டியிருக்கும். அரக்குப் படுக்கையில் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கமிருந்து தட்டுவதால் முகத்தைப் பார்க்கவும் முடியாது, கை சொல்வதை நம்பித்தான் தட்ட வேண்டும். தட்டுகிற நேரம் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை மட்டும், கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அவர்களோடு பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. மற்ற நேரம் வரைவேன், அறுப்பேன், அமிலத்தில் போட்டுக் கழுவுவேன்.

வெல்டிங் பக்கம் வருகிற இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்றவைக்காதீர்கள். நான் ஆரம்பத்தில் பழைய தகரம் எடுத்துச் செய்தேன், சாயந்திரம் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது, மலேரியா என்று நினைத்து ரத்தப் பரிசோதனை வரைக்கும் போனேன். அந்தப் புகைதான் காரணம்.

கேள்விக்குறி, உங்கள் வெள்ளைத் தாள் பயம் எனக்கும் உண்டு. ஆனால் கட்டுப்பாடு இல்லாததால் என் வேலை மெழுகுக்கையின் வேலையைவிட அதிகம் படைப்பு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எனக்கு அந்தத் தொங்கு கை இன்னும் வரவில்லை. முப்பது வருடமாக முயல்கிறேன்.

மெழுகுக்கை · செவ்வாய் காலை 4.50

கேள்விக்குறிக்குப் பதில். கோபம் இல்லை, இந்தக் கேள்வியை நானே இருபது வயதில் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். அவர் பதில் சொல்லாமல் தஞ்சாவூருக்குப் பஸ் ஏற்றி அனுப்பினார், அரண்மனையில் உள்ள கலைக்கூடத்துக்குப் போய் ரிஷபவாகனரைப் பார்த்துவிட்டு வா என்று. திருவெண்காட்டில் கிடைத்தது, 1011-ம் ஆண்டுச் சிலை. சாமி ஒரு காலில் ஊன்றி, மறு காலை முன்னால் குறுக்கே வைத்து, வலது கையை மாட்டின் மேல் சாய்த்து நிற்கிறார். மாடு இல்லை. எங்கே போனதோ, இன்றைக்கு அங்கே இருப்பது காற்று மட்டும்தான். ஆனால் அந்த முழங்கையின் மடிப்பையும் விரல்கள் தளர்ந்து கிடக்கிற விதத்தையும் பார்த்தால் மாட்டின் உயரம் தெரியும், அதன் முதுகு எவ்வளவு அகலம் என்று தெரியும், சாமி எவ்வளவு பாரத்தை அதன்மேல் இறக்கியிருக்கிறார் என்றுகூடத் தெரியும். நான் அங்கே இரண்டு மணி நேரம் நின்றேன். காவலாளி வந்து என்னப்பா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தச் சிற்பியும் ஓலையைத்தான் மடித்திருப்பார். ஓலை இரண்டு மடிப்புக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்று சொல்லும். அந்தத் தூரத்தில் சதை எங்கே நிறைய வேண்டும், எங்கே வடிய வேண்டும் என்று சொல்லாது. தோளிலிருந்து முழங்கைக்கு இத்தனை அங்குலம் என்று எல்லோருக்கும் ஒரே கணக்குத்தான், ஆனால் எங்கள் தெருவில் பத்து வீட்டில் பத்து சிவகாமி செய்தால், பீடத்தை மறைத்துவிட்டு எனக்குக் காட்டுங்கள், எது எந்த வீட்டுக்காரர் கை என்று சொல்லிவிடுவேன். நீங்கள் கர்நாடக சங்கீதம் கேட்பவராக இருந்தால் உங்களுக்குத் தெரியும், ஆரோகணம் அவரோகணம் தெரிந்துவிட்டால் தோடி வந்துவிடுமா?

இயந்திரம் பற்றிக் கேட்டீர்கள். அளவுப்படி செய்யும். சனிக்கிழமை என் சுண்டு விரலும் அளவுப்படி சரியாகத்தான் இருந்தது. அப்பா தடி என்றார். அந்த ஒரு யவை எங்கே எழுதியிருக்கிறது?

கேள்விக்குறி · செவ்வாய் காலை 9.30

இதைப் படித்துவிட்டு என் வேலையை நிறுத்திவைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நகல் என்ற வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தஞ்சாவூர் போகிறேன்.

சிங்கைவாசி · செவ்வாய் மாலை 6.00

எங்கள் வீட்டு நடராஜர் கறுத்துப் போய்விட்டார். புளி போட்டுத் தேய்க்கலாமா?

மெழுகுக்கை · செவ்வாய் இரவு 8.20

தினமும் அபிஷேகம் நடக்கிற சிலை என்றால் புளியும் பூந்திக்கொட்டையும் போதும், தேய்த்த பிறகு புளிப்பு தங்காமல் நன்றாகக் கழுவித் துணியால் ஈரம் எடுத்துவிடுங்கள். கம்பி நார் வேண்டவே வேண்டாம். பழைய சிலை, தாத்தா காலத்தது என்றால் கறுப்பைத் தொடாதீர்கள், அந்தக் கறுப்பு மேலும் அரிக்காமல் காப்பாற்றிக்கொண்டு இருக்கிறது.

வயலோரம் · புதன் காலை 7.40

அண்ணே, ஐம்பொன் என்கிறார்களே, தங்கம் உண்மையிலேயே போடுகிறீர்களா? எவ்வளவு?

மெழுகுக்கை · புதன் இரவு 9.00

செம்புதான் பெரும்பங்கு, நூற்றில் எண்பதுக்கு மேல். அடுத்தது பித்தளை, கொஞ்சம் ஈயம். வெள்ளியும் தங்கமும் சிலை கேட்டவர்கள் கொண்டுவந்து போடுவது, வார்ப்பு நாளில் குடும்பத்தோடு வந்து உலோகம் உருக்குகிற மூசையில் ஒரு சின்னத் துணுக்கு, சிலர் தோட்டைக் கழற்றிப் போடுவார்கள். ஒரு பாட்டி தன் மூக்குத்தியைக் கழற்றியதை நான் பார்த்திருக்கிறேன், கழற்ற வராமல் பேத்தி உதவி செய்தாள். அந்த அளவு தங்கம் நிறத்தையோ உறுதியையோ மாற்றிவிடாது. ஆனால் அந்தச் சிலை அவர்களுடையது ஆவது அந்த நிமிடத்தில்தான் என்று நான் நினைக்கிறேன், அதனால் தங்கம் போடுவது வெறும் சடங்கு என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிப்பதில்லை.

போடுகிற வரிசையில் கவனம் வேண்டும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். பித்தளையில் உள்ள துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதனால் செம்பு நன்றாக உருகிய பிறகு, ஊற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பித்தளை. வெள்ளைப் புகை வரும், காற்று அதைத் தள்ளுகிற பக்கம் நிற்கக் கூடாது. செம்புத்தகடு சார் சொன்ன காய்ச்சல் இங்கேயும் உண்டு. ஈயம் ஓட்டத்துக்கு நல்லது, பின்னால் உளிக்கும் இளக்கம் கொடுக்கும், ஆனால் அது செம்போடு கரைந்து ஒன்றாவதில்லை, கூடிப்போனால் தனியே பிரிந்து அடியில் தங்கும். எவ்வளவு உலோகம் உருக்குவது என்பதற்கு மெழுகை நிறுத்துப் பார்ப்போம். வெண்கலம் மெழுகைவிட ஏறக்குறைய ஒன்பது மடங்கு கனம், ஊற்றும் வாய்க்கும் வழிகளுக்கும் சேர்த்துப் பத்து மடங்கு என்று வைத்துக்கொள்வோம். எங்கள் ஊரில் கனவார்ப்புதான், உள்ளே வெற்றிடம் விடுவதில்லை. குறைந்துபோனால் நடுவில் நிறுத்தி மறுபடி ஊற்ற முடியாது.

மாடவீதி · வியாழன் காலை 10.10

எல்லாம் சரி, ஆனால் இழை முழுக்க ஒரு பக்கமாகவே போகிறது. நான் சிலை விற்கிறவன். இன்றைக்கு நாலு அங்குலம், ஆறு அங்குலம் சிலைகள் எல்லாம் ரப்பர் அச்சில் மெழுகு ஊற்றி எடுத்துச் செய்வதுதான், இதை மறைத்துப் பேசுவதில் பிரயோசனம் இல்லை. வாங்குகிறவர் ஒரு வாரத்தில் கேட்கிறார், கொடுக்கிற விலையில் மூன்று மாதம் உட்கார்ந்து யார் செய்வது? அந்த ரப்பர் அச்சு வேலையால்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. 2023-ல் டெல்லி பாரத் மண்டபத்துக்கு 27 அடி நடராஜர் இங்கேயிருந்துதான் போனார், 18 டன், முழுக்க மெழுகு முறை, எல்லோருக்கும் பெருமைதான். ஆனால் அந்த மாதிரி வேலை எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை வரும்?

உமிக்கரி · வியாழன் மதியம் 12.45

மாடவீதி சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் வீட்டில் தம்பி அந்த வேலைதான் செய்கிறான், அதில்தான் அவன் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் விற்கிறபோது இது ரப்பர் அச்சு, இது கைமெழுகு என்று வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மூன்று மாதம் உட்கார்ந்தவன்தான் முதலில் எழுந்துபோவான். அப்பா அப்படித்தான் எழுந்தார்.

மெழுகுக்கை · வியாழன் இரவு 9.25

மாடவீதி அண்ணே, நான் மறைக்கவில்லை, என்னிடமும் இரண்டு ரப்பர் அச்சு இருக்கிறது, கையகல விளக்கு நாச்சியார் அதில்தான் எடுக்கிறேன், கேட்டால் சொல்லித்தான் கொடுக்கிறேன். உமிக்கரி சொன்னதுதான் என் நிலையும். ஒரு வியாபாரி என்னிடம் கைமெழுகுச் சிலை ஒன்றை வாங்கிப் போய், அதன்மேல் ரப்பர் அச்சு எடுத்து, அதே முகத்தோடு இருபது சிலை செய்து விற்றார். என் அம்மன் முகத்தை நானே ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகப் பார்த்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மெழுகைத் தொட முடியவில்லை. எங்கள் முறையில் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும், மெழுகும் போய்விட்டது, அச்சும் போய்விட்டது, அதே சிலை இன்னொன்று கிடையாது. சுவாமிமலை வெண்கலச் சிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, நல்லது. ஆனால் வாங்குகிறவர் சிலையைத் திருப்பிப் பார்த்து "இது எப்படிச் செய்தது?" என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும், அதுதான் எங்களுக்கு உடனே கிடைக்கிற உதவி.

சிவகாமிக்கு மெழுகு வேலை இன்றைக்கு முடிந்தது. நாளை முதல் பூச்சு.

கேள்விக்குறி · மூன்று வாரம் கழித்து, சனி காலை 8.00

என்ன ஆயிற்று? வார்த்தாயிற்றா? நான் தஞ்சாவூர் போய்வந்தேன். காற்றில் சாய்ந்திருக்கிற அந்தக் கையைப் பன்னிரண்டு தடவை வரைந்தேன். ஒன்றில்கூட மாடு வரவில்லை.

மெழுகுக்கை · சனி இரவு 10.30

வார்த்தோம், வியாழக்கிழமை. நடுவில் நாலு நாள் மழை, அச்சு காயவில்லை, என் மனைவி இரண்டு முறை வேண்டாம் என்றாள், உமிக்கரியின் அம்மா மாதிரியே கன்னத்தை வைத்துப் பார்த்தாள். வியாழன் விடியலில் சரி என்றாள். வறட்டி அடுக்கித் தீ மூட்டி மெழுகை வடித்தோம், கீழே தண்ணீர்ச் சட்டியில் இறங்கிய மெழுகை நிறுத்தால் சிலைக்குப் போனதில் ஏறக்குறைய முழுதும் வந்திருந்தது. அச்சைக் குழியில் இறக்கி, மண் தள்ளி இறுக்கி, வாயை மட்டும் மேலே விட்டோம். குடும்பத்தார் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். மூசையைத் தூக்கியதிலிருந்து ஊற்றி முடித்தது வரை ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. வாய் வரைக்கும் உலோகம் ஏறி நின்றது, நான் நல்லபடி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

நேற்று மண்ணை உடைத்தோம். முகம் வந்திருக்கிறது, நான் மெழுகில் விட்டதைவிட நன்றாக வந்திருக்கிறது. இடுப்பின் ஒசிவு, ஊன்றிய காலின் கனம், கடக முத்திரை, எல்லாம் வந்திருக்கிறது. தொங்குகிற கையும் வந்திருக்கிறது, தொங்குகிறது. அந்தச் சுண்டு விரல் மட்டும் கடைசிக் கணு வரவில்லை. நான் இழைத்தெடுத்த அந்த ஒரு யவைதான், அவ்வளவு குறுகலான இடத்துக்குப் போவதற்குள் உலோகம் சூடு இறங்கி நின்றுவிட்டது.

அந்த நுனியை மட்டும் மெழுகில் செய்து, மண் கட்டி, மறுபடி ஊற்றி ஒட்டவைக்க முடியும். வீட்டு அலமாரியில் வைக்கிற சிலை என்றால் செய்திருப்பேன். இது பூசைக்குப் போகிற அம்மன். அப்பா வந்து பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். விரல் தடி என்று சொன்னவர் அவர்தான், அதனால் இப்போது என்ன சொல்வார் என்று நான் நின்றுகொண்டிருந்தேன். "விரல் சரிதான், நுனிக்கு ஒரு வழி விட்டிருக்க வேண்டும்" என்றார். அதாவது விரல் நுனியிலிருந்து ஒரு மெழுகு நூலை எடுத்து மேல் வழியோடு சேர்த்திருந்தால் காற்று வெளியேறியிருக்கும், சூடான உலோகமும் அந்தப் பக்கமாக வந்திருக்கும். வார்த்த பிறகு அந்த நூலை அறுத்து எடுத்துவிடலாம். எனக்கு அது தோன்றவில்லை.

குடும்பத்தாருக்குப் போன் செய்து, உருக்கி மறுபடி முதலிலிருந்து செய்கிறேன் என்று சொன்னேன், பெரியவர் ஒருவர் "தை மாதம் வரை காத்திருக்கிறோம்" என்றார். உருக்கப்போகிற உலோகத்தில் அவர்கள் போட்ட தங்கமும் இருக்கிறது, அது எங்கேயும் போகாது.

செம்புத்தகடு · சனி இரவு 11.05

உருக்குவதற்கு முன் அந்தக் கையை ஒரு தரம் நேரில் பார்க்க வேண்டும். வரலாமா?

கேள்விக்குறி · சனி இரவு 11.20

நானும்.

மெழுகுக்கை · ஞாயிறு காலை 4.40

வாருங்கள், இரண்டு பேரும் கும்பகோணத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் கால் மணி நேரம், வெள்ளிக்கிழமை வரைக்கும் உருக்கமாட்டேன். காலையில் வந்தால் நல்லது. இப்போதுதான் புது ஓலை நறுக்கி மடித்தேன், பீடம் முடிந்துவிட்டது, நீங்கள் வரும்போது கால் வரை வந்திருக்கும்.